தடுப்பூசி அட்டையும் பள்ளிக்கூட வாசலும்

பாலிதீன் உறைக்குள் போட்டு, பிறப்புச் சான்றிதழோடும் குடும்ப அட்டையோடும் சேர்த்து பீரோவின் அடித்தட்டில் வைக்கப்படும் தாய் சேய் நல அட்டை, பல வீடுகளில் குழந்தைக்கு ஒன்றரை வயது ஊசி போட்டு முடிந்த பிறகு வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. அதை மறுபடியும் தேடுவது பள்ளிச் சேர்க்கையின்போதுதான். அதுவும் பெரும்பாலும் தனியார் பள்ளியாக இருந்தால் மட்டுமே. விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இரத்த வகை, ஒவ்வாமை, வலிப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா என்று சில கட்டங்கள் இருக்கும்; கீழே, தடுப்பூசி அட்டையின் நகலை இணைக்கவும் என்று ஒரு வரி இருக்கும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சேரும் குழந்தையிடம் இவ்வளவும் கேட்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, சேர்ந்த சில மாதங்களில் ஒரு மருத்துவக் குழு வண்டியில் பள்ளிக்கே வந்து குழந்தையின் எடையையும் கண்ணையும் பல்லையும் பார்த்துவிட்டுப் போகிறது. ஒரே மாநிலத்தில், ஒரே வயதுக் குழந்தைகளுக்கு, மருத்துவத் தேவை என்பது ஓரிடத்தில் தாளாகவும் இன்னோரிடத்தில் ஆளாகவும் வருகிறது. தமிழ்நாட்டின் பள்ளிச் சுகாதாரத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும்.

முதலில் சட்டம். பள்ளியில் சேர்வதற்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்று இந்தியா முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியை உரிமையாக்கியது; வயதுச் சான்று இல்லை என்ற காரணத்திற்காகக்கூட ஒரு குழந்தைக்குச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. பிறந்த தேதிக்கே தாள் கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாத ஒரு பள்ளி, ஊசிக்குத் தாள் கேட்டுத் திருப்பி அனுப்புவது அந்தச் சட்டத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போகாது. எல்.கே.ஜி. வயது அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருப்பதால், தனியார் மழலையர் பள்ளிகள் தங்கள் நிர்வாக விதிப்படி சான்று கேட்கின்றன. கேட்பதில் தவறில்லை, ஆனால் அது அரசாணை என்று பெற்றோர் எண்ணிக்கொண்டிருப்பது சரியல்ல.

இதற்கு நேர்மாறான முறை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 50 மாநிலங்களிலும் பள்ளியில் சேரத் தடுப்பூசிச் சான்று சட்டத் தேவை. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் பெரியம்மைத் தடுப்பூசி போடாத மாணவியைப் பள்ளிக்குள் விடாதது பற்றிய வழக்கில், அப்படித் தடுக்க நகர நிர்வாகத்திற்கு அதிகாரம் உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1922-இல் ஏற்றுக்கொண்டது. டிஸ்னிலேண்டில் 2014 டிசம்பரில் தொடங்கிப் பரவிய தட்டம்மைக்குப் பிறகு, கலிஃபோர்னியா மாநிலம் 2015-இல் இயற்றிய சட்டம், சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குப் பெறும் வழியையும் அடைத்தது. சிங்கப்பூரில் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போடுவது தொற்றுநோய்ச் சட்டப்படியே கட்டாயம். இத்தாலி 2017-இல் பத்துத் தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கியது.

கட்டாயம் என்பது நமக்குப் பழக்கமில்லாததும் அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் 1880-இல் வந்த தடுப்பூசிச் சட்டம் பெரியம்மைக்கு எதிரானது. நகராட்சிகளில் குழந்தைக்கு அம்மை குத்தாத பெற்றோருக்கு அபராதம் விதிக்க அதில் வழியிருந்தது. இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களின் மேற்கையில் இருக்கும் வட்டத் தழும்பு அந்தக் காலத்து மிச்சம். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்ற செய்தி வந்ததும் வகுப்பின் பின்வாசல் வழியே பிள்ளைகள் ஓடிய கதை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. மாகாண அளவில் முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டத்தை நாட்டிலேயே முதலில், 1939-இல், இயற்றியதும் சென்னை மாகாணம்தான். கோவிட் காலத்தில், 2021-இல், பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று அறிவித்தபோது மாநிலச் சுகாதாரத் துறை எடுத்துக்காட்டியது அதே சட்டத்தைத்தான். ஆகவே கருவி கையில் இல்லாததால் அரசு பள்ளி வாசலில் தடுப்பு வைக்காமல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஊசி போடாத குழந்தை பெரும்பாலும் எந்த வீட்டுக் குழந்தை என்று பார்த்தால் காரணம் விளங்கும்: செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் குழந்தை, மலைக்கிராமத்துக் குழந்தை, வேற்று மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் குழந்தை. அந்தக் குழந்தையை வாசலில் நிறுத்தினால் பள்ளியும் போகும், ஊசியும் போகும். உள்ளே விட்டால் இரண்டையும் கொடுக்கலாம். இந்தக் கணக்கு சரியானது என்பதே என் கருத்து.

ஆனால் இந்தக் கணக்கில் மறக்கப்படும் ஒரு வரி உண்டு, ஐந்து வயது ஊசி. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி, பிறந்தவுடன் காசநோய், போலியோ, மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கானவை. 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட். 9 மாதம் முடிந்ததும், பிறகு 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் தட்டம்மை–ரூபெல்லா. அந்த இரண்டாவது தவணையோடு, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை. இதுவரை கிராமச் சுகாதாரச் செவிலியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அங்கன்வாடியில் நினைவூட்டுகிறார்கள், தாய்க்கும் அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. இதற்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி. 5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பின் இரண்டாவது ஊக்கத் தவணையும், 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னி–தொண்டை அடைப்பானுக்கான ஊசியும் இன்னும் பாக்கி. எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நினைக்கும் தாயைக் குறை சொல்ல முடியாது; அட்டையில் அந்த ஒரு கட்டம் தனியாக, தூரமாக இருக்கிறது.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டாம். தொண்டை அடைப்பானுக்கு எதிரான பாதுகாப்பு ஒருமுறை ஊசி போட்டால் ஆயுளுக்கும் நிற்பதன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். கைக்குழந்தைகளின் நோயாக இருந்த அது, தடுப்பூசி பரவிய பிறகு, ஊக்கத் தவணை தவறிய பள்ளிப் பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் தலைகாட்டத் தொடங்கியது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2016-இல் அது திரும்பியபோது இறந்தவர்களில் பதின்வயதினரும் இருந்தனர். அதன் பிறகு அங்கே பள்ளிகளில் அவசரமாக ஊசி முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சுக்குழலை அடைக்கும், அதன் நச்சு இதயத்தைத் தாக்கும் இந்த நோய்க்கான எதிர்நச்சு மருந்து எல்லா மருத்துவமனைகளிலும் தயாராக இருப்பதில்லை. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது அட்டையைக் கேட்பதற்கு நியாயமான ஒரே காரணத்தைச் சொல்லச் சொன்னால், இந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன். சேர்க்கையை மறுப்பதற்காக அல்லாமல், அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்வதற்காக அட்டையைக் கேட்கும் பள்ளிதான் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறது.

பள்ளியையே ஊசி போடும் இடமாக்கும்போது வேறொரு சிக்கல் வருகிறது, ஒப்புதல். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் முதற்கட்டமாகத் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், முன்பு போட்டிருந்தாலும், ஒரு தவணை கொடுப்பது திட்டம். ஊசி வருவதற்கு முன்பே வாட்ஸ்அப் வந்துவிட்டது. கருவுறும் தன்மை போய்விடும், வெளிநாட்டுச் சோதனை என்றெல்லாம் குரல்பதிவுகள் சுற்றின. பல பெற்றோர் அந்த நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இரண்டு நாட்களுக்கு முன் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பிய ஒரு சீட்டைத் தவிர வேறு எந்த விளக்கமும் பல வீடுகளுக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே இயக்கம் டெல்லியில் நடந்தபோது, பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை என்ற அரசின் அறிவிப்பை டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஏற்க மறுத்தது; ஊசியின் பயனோடு அதன் பக்கவிளைவுகளையும் யாருக்குப் போடக் கூடாது என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், மறுத்தவர்களின் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது என்றது. தடுப்பூசித் திட்டத்துக்கு இது பின்னடைவு என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. எழுத்தில் விளக்கம் கொடுத்த பள்ளிகளில் வதந்திக்கு இடம் குறைவாகவே இருக்கும்.

தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் இல்லாதது பொன்னுக்கு வீங்கி. தனியார் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் இந்தியக் குழந்தை மருத்துவக் குழுமத்தின் அட்டவணையில் அது மூன்றாவதாகச் சேர்ந்து எம்.எம்.ஆர். ஆகிறது, சின்னம்மை, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ ஆகியவற்றுக்கான ஊசிகளும் அதில் உண்டு. அரசு அட்டவணையில் இவை இல்லை. இதனால் தனியார் பள்ளியின் படிவம் எந்த அட்டவணையை மனதில் வைத்து அச்சிடப்பட்டது என்பது முக்கியமாகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியையும் தவறாமல் போட்ட தாய், சின்னம்மை என்ற கட்டத்தின் எதிரே எதுவும் எழுத முடியாமல், ஏதோ தவறு செய்துவிட்டவர் போல அலுவலகத்தில் நிற்பது தேவையற்ற சங்கடம். அரசு அட்டவணையை முடித்த குழந்தை, முடித்த குழந்தைதான். மற்றவை வசதியும் விருப்பமும் உள்ளவர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு என்று படிவத்திலேயே அச்சிட்டுவிடலாம்.

பள்ளியில் நோய் பரவும்போது எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ் வீடுகளில் எப்போதோ ஒரு விதி உருவாகிவிட்டது. சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் உள்ளே வருவதில்லை. கொப்புளம் காய்ந்த பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை பள்ளிக்குப் போகாது. எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை, ஏறத்தாழ ஒரு வாரம், தனியே இருக்க வேண்டும் என்ற மருத்துவ விதியும் இதுவும் நடைமுறையில் ஒன்றுதான். மருந்தே கொடுக்கக் கூடாது என்ற பகுதியை மட்டும் கைவிட வேண்டும். தட்டம்மைக்கு, தடிப்பு தோன்றியதிலிருந்து நான்கு நாள். பொன்னுக்கு வீங்கிக்கு, கன்னம் வீங்கியதிலிருந்து ஐந்து நாள். 2022-இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்ற பெயரில் பீதி கிளப்பிய கை, கால், வாய் நோய்க்குக் காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறிப் பிள்ளை சாப்பிடத் தொடங்கினால் போதும். தலையில் பேன் இருப்பதற்காக ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மருத்துவக் காரணமே இல்லை, அவமானம்தான் மிச்சமாகும். இந்த நாட்களை எல்லாம் கெடுப்பது முழு வருகைக்குக் கொடுக்கப்படும் பரிசு. காய்ச்சலோடு வந்து கடைசி பெஞ்சில் சுருண்டு படுத்திருந்த பிள்ளைக்கு ஆண்டு விழாவில் கோப்பை கொடுக்கும் வழக்கத்தை எந்தச் சுகாதாரக் கொள்கையும் இதுவரை தொடவில்லை.

படிவத்தின் மற்ற கட்டங்களுக்கு வருவோம். இரத்த வகை இல்லாத அடையாள அட்டையே கிடையாது. அதற்காகவே ஐந்து வயதுக் குழந்தையின் விரலில் ஊசி குத்தப்படுகிறது. ஆனால் எந்த மருத்துவமனையும் அடையாள அட்டையைப் பார்த்து இரத்தம் ஏற்றாது. வகையை மறுபடி சோதித்துப் பொருத்தம் பார்த்தே ஏற்றும். உண்மையில் உயிரைக் காப்பது வேறு விவரம்: நிலக்கடலை ஒவ்வாமையா, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், இன்ஹேலர் பையில் எந்த அறையில் இருக்கிறது. இவை படிவத்தில் எழுதப்பட்டாலும் அலுவலகக் கோப்பில் உறங்கும், வகுப்பாசிரியருக்குத் தெரியாது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை வகுப்பில் சர்க்கரை அளவு பார்க்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று 2023-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது, அதுவரை பல வகுப்பறைகளில் அது அனுமதியாகவே இல்லை என்பதால்தான். கேட்கக் கூடாத கேள்விக்கும் எல்லை உண்டு: 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, கல்வி பெற முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்பதும், தொற்றைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுப்பதும் தடைசெய்யப்பட்ட பாகுபாடு.

பள்ளி குழந்தையிடம் கேட்பதைப் போலவே அரசு பள்ளியிடமும் கேட்கிறது. குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைப் பார்த்து வழங்கப்படும் சுகாதாரச் சான்று இல்லாமல் தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கப்படாது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நான்கு மணிக்கு எந்தப் பள்ளி வாசலில் நின்று பார்த்தாலும் அந்த விதியின் நிலை தெரியும்.

இனி, உள்ளே நடப்பது. பிப்ரவரி 10-ஆம் தேதியும் ஆகஸ்டு மாதமும் குடற்புழு நீக்க நாட்கள். 2015-இல் தேசிய அளவில் தொடங்கியது. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பாதி, அதற்கு மேல் 19 வயது வரை முழுது. சத்துணவு முடிந்ததும் வரிசையாக உட்கார வைத்து ஆசிரியர் ஒவ்வொருவராகக் கொடுக்கிறார். சப்பிச் சாப்பிட வேண்டும், விழுங்கக் கூடாது, ஏனென்றால் சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வேலியோரம் போய்த் துப்பும் பிள்ளைகளைத் தெரிந்துவைத்திருக்கும் ஆசிரியர், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே அடுத்தவரிடம் போவார். புழு இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் மலப் பரிசோதனை செய்வதைவிட மாத்திரை மலிவு, பாதுகாப்பானது என்பதால்தான் எல்லாருக்கும் கொடுக்கப்படுகிறது. கொக்கிப்புழு குடலில் இரத்தம் குடிப்பது. அது இருக்கும் வரை, ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கப்படும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையின் பலனில் ஒரு பங்கு புழுவுக்கே போகும். வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் அது மறுபடி ஏறும் என்பதால்தான் ஆண்டுக்கு இருமுறை.

பெரிய பணி, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்களுடையது. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு தலைப்புகளில் 30 நிலைகளைப் பிறந்தது முதல் 18 வயது வரை கண்டறிவது நோக்கம். குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை வரும். அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மட்டுமே. மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிப் படிக்கும் ஓட்டுநரின் பிள்ளைக்கும் தையல்காரரின் பிள்ளைக்கும் இந்தக் குழு வராது. அங்கே தாள் கேட்கிறார்கள், ஆனால் பார்ப்பார் இல்லை. வரும் இடத்திலும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: ஐந்து மணி நேரத்தில் நூறு குழந்தைகள் என்றால் ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடம். அதற்குள் எடை, உயரம், கண், காது, பல், தோல், இதயத்துடிப்பு. பல் சொத்தை மூன்று நொடியில் தெரிந்துவிடும். இதயத்தில் கேட்கும் மெல்லிய முணுமுணுப்புக்கு, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்காத ஒரு நிமிட அமைதி வேண்டும்.

கண் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கரும்பலகை தெரியவில்லை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தானாகச் சொல்வதில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் 2009-இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் முதல் சோதனையை ஆசிரியரிடமே கொடுத்தது: இருபது அடி தூரம், சுவரில் அட்டை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிக்க வேண்டும். எழுத்து அட்டை என்றால், வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் நிற்பவர் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள். தவறாகச் சொன்னால் டீச்சர் அடிப்பார் என்ற பயத்தில் செய்யும் இந்த உதவியால், கண்ணாடி தேவைப்படும் பிள்ளை தேர்ச்சி பெற்றுவிடும். ஒரே ஆங்கில ‘E’ எழுத்தை நான்கு திசைகளில் திருப்பி அச்சிட்ட அட்டையை வைத்து, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்வதும், மூடும் உள்ளங்கையின் விரலிடுக்குகளைப் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

கண்டுபிடித்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் இந்த அமைப்பின் பலவீனம் இருக்கிறது. குழு ஒரு பரிந்துரைச் சீட்டை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுக்கிறது. அவர் பிள்ளையிடம் கொடுக்கிறார். பிள்ளை பையில் வைக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும் இலவசம். இதய அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆனால் அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும், தாய் ஒரு நாள் கூலியை விட வேண்டும், போனால் அன்று அந்த மருத்துவர் இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி என்றால் வாரா வாரம் போக வேண்டும். சில ஒன்றியங்களில் குழுவே குறிப்பிட்ட நாளில் தன் வண்டியில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மாவட்டத்துக்குப் போய்வருகிறது. அந்த ஒன்றியங்களில் சீட்டு பையிலேயே கிழிந்து போவதில்லை. வண்டி ஏற்கெனவே இருக்கிறது, ஓட்டுநரும் இருக்கிறார். மாதத்தில் இரண்டு நாளைப் பரிசோதனைக் கணக்கிலிருந்து எடுத்து இதற்கு ஒதுக்கினால், பார்த்த குழந்தைகளின் எண்ணிக்கை அறிக்கையில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.